அணியத்தில் கட்டிய ஓலை

கடல் இருந்ததாம், கரை இருந்ததாம், இரண்டுக்கும் நடுவே ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் கயத்தான் என்றொரு மீன்பிடிக்காரன். ஐம்பது தாண்டியும், செபம் பழக மணல்மேட்டுத் துறவியிடம் போய்வந்தான். துறவிக்கு அவனைவிட இருபது வயசு குறைச்சல். ஆனாலும் சாமி சாமிதான்.

தவக்காலம் தொடங்க ஒரு நாள் இருந்தது. போன வருஷம் குருத்து ஞாயிறன்று கோவிலில் வாங்கி, காவலுக்கென்று வைத்திருந்த குருத்தோலைகளை எரித்துத்தான் நாளைக்கு நெற்றியில் பூசச் சாம்பல் எடுக்கவேண்டும். ஊரே ஓலையைத் துறவியிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

கயத்தான் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"நான் தரமாட்டேன், சாமி."

"சரி."

"ஏன்னு கேக்கமாட்டீங்களா?"

"சொல்லத்தானே வந்திருக்கீங்க, அண்ணே."

கயத்தான் மணலில் உட்கார்ந்தான்.

"போன வருஷம் எந்தம்பி குடுத்தான். செவ்வாக்கெழம வள்ளத்து அணியத்துலேர்ந்து ஓலைய அவுத்துக் குடுத்தான். வியாழக்கெழம கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கவுந்து கரைக்கு வந்துச்சு."

துறவியும் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"அடுத்து வந்த குருத்து ஞாயிறுக்கு வாங்கின ஓலைய என் வள்ளத்துல கட்டினேன். பதினோரு மாசம். ஒரு கீறல் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் எம்மவன் மொதத் தடவையா தனியாப் போறான். இப்ப அவுத்துட்டா, புது ஓலை வர்ற வரைக்கும் யார் பாத்துக்குவா? கடவுள் பாத்துக்குவார்னு சொல்லுவீங்க."

"நான் வாயே தெறக்கலையே."

"மனசுக்குள்ள சொல்றீங்க."

துறவி சிரித்தார். "ஓலை வேண்டாம். கண்ணால பாத்துட்டு வந்துடறேன்."

இருவரும் கரைக்குப் போனார்கள். மகன் இன்னாசி வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். வள்ளத்தின் முனையில், அணியத்தில், ஒரு பொட்டலம். தார்ப்பாய்த் துண்டு. அதன்மேல் மூன்று சுற்று நைலான் கயிறு.

"இதென்ன, ஓலைக்குச் சட்டையா?"

"உப்புத்தண்ணி பட்டாக் கெட்டுப்போயிடும்ல."

"ஓ. அது வள்ளத்தக் காக்குது, நீங்க அதக் காக்குறீங்க."

இன்னாசி சிரித்தான். அப்பா முறைத்ததும் வலைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கட்டினப்புறம் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பிரிக்கலாமா? பிரிச்சாக் காவல் போயிடுமே."

"இன்னைக்குப் பிரிங்க."

முடிச்சு இறுகிக் கிடந்தது. கயத்தான் பல்லால் கடித்து அவிழ்த்தான். துணியை விரித்தான்.

ஓலை இல்லை. உள்ளேயே புழுங்கி, உளுத்து, கறுப்பாக ஒரு சிட்டிகைத் தூள். காற்று அடித்தது. அதுவும் போயிற்று.

"இது எப்பக் கெட்டிருக்கும், சாமி?"

"மொத மழைக்கே கெட்டிருக்கும்."

"ஐப்பசிப் புயல்ல மூணு நாள் நடுக்கடல்ல கெடந்தேனே."

"ஆமா."

கயத்தான் துணியைத் திருப்பிப் பார்த்தான். அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.

"அப்ப எந்தம்பி ஏன் சாமி போனான்?"

"எனக்குத் தெரியாது, அண்ணே."

அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது.

"என்னப்பா, போகவா வேண்டாமா?" என்றான் இன்னாசி.

கயத்தான் வள்ளத்தில் தோளைக் கொடுத்தான். மறுபக்கம் துறவி கொடுத்தார். வள்ளம் அலை தாண்டியது.

துறவி மேட்டில் ஏறிப் போனார். கயத்தான் வெறும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடலைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.