தலைவருக்கும் ஒரு ஜன்னலோர இருக்கை

தூக்கிய திருவடியால் உலகை இயக்கும் தில்லைக் கூத்தன் துணை.

நாகர்கோவிலில் அரையிறுதிக் கால்பந்தாட்டம். மறுநாள் மூன்று மணிக்குக் கோவையில் இறுதியாட்டம். ரசிகர்களுக்கான பேருந்துகள் போட்டித் தலைவர் வைகுண்டமணியுடையவை. இறுதியாட்டத்தன்று காலையில் அவற்றுக்குக் கல்யாணச் சவாரி இருந்தது.

"ஓய் தாணுலிங்கம், பதினொன்றுக்குப் புறப்பட்டு மூன்றுக்குக் கோவை என்று அச்சடியும். மறுத்தால் வேலை போகும்" என்றார் பயண எழுத்தரிடம். வழியோ எட்டு மணி நேரம்.

எழுத்தர் ரசிகர்கள் முன்னிலையில் பணிவாகக் கேட்டார்: "ஐயா, தங்களுக்கும் அந்தப் பதினொரு மணிப் பேருந்திலேயே ஜன்னலோர இருக்கை. இன்றிரவு ரயில் சீட்டை ரத்து செய்துவிடட்டுமா?"

"பைத்தியமா உமக்கு? தொடக்கத்தில் நான் வீரர்களுக்குக் கைகொடுக்க வேண்டாமா? அதில் போனால் ஆட்டமே முடிந்திருக்கும்!"

சொன்ன பிறகே தலைவருக்கு உறைத்தது. கல்யாணச் சவாரி நின்றது. பேருந்துகள் விடிகாலை ஐந்துக்கே புறப்பட்டன.

இதைக் கேட்டோர் அனைவரும் சேருமிடத்தை உரிய வேளையில் சேர இறைவன் அருள்க.