மூன்று வேளை ஆணை

முன்னொரு காலத்தில், நிற்கிற எதைக் கண்டாலும் ஓடவைத்துப் பார்க்க ஆசைப்படும் மன்னர் ஒருவர் இருந்தார். அவர் நாட்டில் தை முதல் பங்குனி வரை பந்தயக் காலம். அண்டை நாட்டாரோடு ஓடி வெல்பவன் காலில் அரசு தரும் வெள்ளித் தண்டை ஏறும். மூன்று தலைமுறையாக அந்தத் தண்டை அரண்மனை ஓட்டக்காரன் சேந்தன் வீட்டை விட்டுப் போனதில்லை. அது கேட்டு வாங்கியதல்ல, ஓடி வாங்கியது.

தளபதி மழவரையருக்கு அதைத் தம் மைத்துனன் காலில் பார்க்க ஆசை. சித்திரையில் ஒரு நாள் சேந்தன் ஆற்றில் மிதந்துகொண்டிருக்கக் கண்டு நேரே சபைக்குப் போனார். ஓட்டக்காரன் ஓடியே ஒரு மாதமாகிறது, தின்கிறான், உறங்குகிறான் என்றார்.

"அவனுக்கு மட்டும் என்றால் பொறாமை என்பார்கள், மகாராஜா. அரண்மனைச் சோறு உண்போர் அனைவரும் தினமும் மூன்று வேளை தத்தம் தொழிலைச் செய்யட்டும். தவறுபவர் பதவி இழக்கட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. மன்னர் முத்திரையிட்டார்.

சேந்தன் மூன்று வேளையும் கோட்டையைச் சுற்றி ஓடினான். நான்காம் நாள் முழங்கால் வீங்கியது. ஓடினால் கால் போகும், நின்றால் பதவியோடு தண்டையும் போகும். அரசவை விகடகவி குழகன் முன் போய் நின்றான். கெஞ்சவில்லை, காலை மட்டும் காட்டினான். குழகன் ஆணை ஓலையை இரண்டு முறை படித்துவிட்டு, அரண்மனை நாவிதர் பொன்னனைத் தேடிப் போனான். அந்த ஆணை தமக்கும் உண்டென்று பொன்னனுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மறுநாள் காலை பொன்னன் மன்னருக்கு முகம் மழித்தார். நண்பகலில் மறுபடி வந்தார். மறதி போலும் என்று மன்னர் முகத்தைக் கொடுத்தார். மாலையில் கன்னம் எரிந்தது. அடுத்த நாள் காலை கத்தியைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"எதை மழிக்கப் போகிறாய்? முடி முளைக்க நாள் வேண்டாமா?"

பொன்னன் அருகில் நின்ற குழகனைப் பார்த்தார். குழகன்தான் பதில் சொன்னான்.

"ஆணையில் அதற்கு நாள் விடவில்லையே, மகாராஜா. சேந்தன் காலுக்கும் விடவில்லை."

மன்னர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கோபத்தைவிட அவருக்கு அறியும் ஆவல் அதிகம். சேந்தனை வரவழைத்து, ஓடாத மாதங்களில் என்னதான் செய்வாய் என்று விசாரித்தார். அவன் நிமிர்ந்து நின்று சொன்னான். முதல் மாதம் உறக்கமும் நீச்சலும். பிறகு ஆற்று மணலில் நடை. ஆடியில் தலையில் நீர்க்குடம் வைத்து மெல்லோட்டம்.

"குடம் எதற்கு?"

"தண்ணீர் சிந்தினால் வேகம் கூடிவிட்டது என்று தெரியும், மகாராஜா. கார்த்திகையில்தான் குடத்தை இறக்குவேன். எங்கள் பாட்டனாரும் அப்படித்தான் ஓடினார்."

மன்னர் ஓலையைக் கேட்டு வாங்கி, ஆணை நாளை முதல் இல்லை என்றார்.

"இன்றைக்கு மூன்று வேளை மிச்சம் இருக்கிறதே," என்றான் குழகன். "அரச வாக்கு பொய்க்கலாகாது. யார் முகம் என்று ஓலையில் இல்லை. ஆணையை யோசித்துச் சொன்னவர் இதோ நிற்கிறார்."

மழவரையரின் கை தானாக மீசைக்குப் போனது. மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார், எரியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழகனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, பத்து நாள் வாய்க்கு ஓய்வும் கொடுத்தார்.

தையில் சேந்தன் முதலாவதாக வந்தான், தண்டை அவன் காலில் ஏறியது. அதற்குள் மழவரையரின் மீசையும் பழையபடி வளர்ந்திருந்தது. யாரும் அதை அவசரப்படுத்தவில்லை.