புறமுதுகு காட்டாத பாய்ச்சல்

கூடல்மேட்டு மன்னர் மகுடசேகரருக்கு எதற்கும் ஆலோசனை வேண்டும். சோற்றுக்குத் துவையலா, குழம்பா என்றாலும் சபை கூடிவிடும்.

அன்று சபை கூடியது செங்கமலத்துக்காக. வித்தைக்காரர் வீட்டுச் சிறுமி. ஓடிவந்து, மரக்குதிரைமேல் கை ஊன்றி, அந்தரத்தில் கரணம் போட்டு மறுபக்கம் இறங்குவாள். அறுவடை விழாவில் பக்கத்து நாட்டுப் பெண்ணோடு அவளுக்குப் போட்டி. அதற்கு அவள் பழக வேண்டியது முன்பக்கமாகச் சுழலும் முன்கரணமா, கை ஊன்றும்போதே உடலைத் திருப்பிப் பின்பக்கமாகச் சுழலும் பின்கரணமா?

தளபதி வில்லவராயர் பிறந்ததிலிருந்து ஒரு வாய்க்காலைக்கூடத் தாண்டியதில்லை. ஆகவே முதல் கருத்து அவருடையதுதான்.

"பின்கரணமா? பகை மன்னன் பார்க்க நம் பெண் புறமுதுகு காட்டினால் என் மீசை என்ன ஆவது?"

மீசைக்கு ஆபத்து என்றதும் சபையே கலங்கிப்போயிற்று. சிறுமியின் கழுத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மன்னர் தீர்ப்புச் சொன்னார். "விழாவில் எங்கள் முன்னால் அவள் முதுகு காட்டி நிற்கக் கூடாது. நின்றால் குடும்பத்தோடு நாடு கடத்துவேன். சாத்தன்பிள்ளை, எந்தக் கரணம் என்று நாளை நீர் சொல்லும்!"

சபையின் விகடகவி சாத்தன்பிள்ளை சபை கலைந்ததும் எழுந்தார். நேரே செங்கமலத்திடம் போனார். இத்தனை ஆலோசனையில் அவளைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"முன்கரணத்துல தரை எங்கே இருக்குன்னு கால் பட்டப்புறந்தான் தெரியும் ஐயா. முழங்கால் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கு. பின்கரணத்துல கண்ணு முதல்ல தரையைப் பார்த்துடும்."

"இறங்கினதும் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாய் அம்மா?"

அவள் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் மன்னருக்கும் தளபதிக்கும் அவள் ஓடத் தொடங்கும் இடத்திலேயே ஆசனம் போட்டார் சாத்தன்பிள்ளை.

"முதலில் தளபதியாரின் முன்கரணம்!"

செங்கமலம் பாய்ந்தாள், தடுமாறி இறங்கினாள். மன்னர் பார்த்தார். எதிரே முதுகு!

"அடுத்தது பின்கரணம்!"

ஓடினாள், கை ஊன்றித் திரும்பினாள், பின்பக்கமாகச் சுழன்றாள். 'தொம்' என்று ஊன்றி நின்றாள், மன்னரை நேருக்கு நேர் பார்த்தபடி.

"அரசே, முதுகு காட்டி நிற்காத கரணம் இதுதான்" என்றார் சாத்தன்பிள்ளை.

தளபதி துள்ளினார். "மோசடி! ஓடும்போது முதுகு தெரிந்ததே!"

"ஓடினால் முதுகு தெரியத்தான் செய்யும், தளபதியாரே. ஆற்றங்கரைப் போரில் தாங்கள் ஓடியபோதும் தெரிந்தது. ஒரே வித்தியாசம், இந்தப் பெண் கடைசியில் திரும்பி நின்றாள்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சாத்தன்பிள்ளைக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். "உனக்கு என்ன வேண்டும் பெண்ணே?" என்றார்.

"இறங்குற இடத்துல ரெண்டு வண்டி வைக்கோல் போடச் சொல்லுங்க, மகாராசா."

வைக்கோல் வந்தது. அதைக் கொட்டிப் பரப்பும் பொறுப்பைத் தளபதியிடமே கொடுத்தார் மன்னர்.