நொச்சி இலை கொடுத்த வெள்ளெலி

மருதங்காட்டுக் குளக்கரையில் மாதம் ஒருமுறை விலங்குகள் கூடும். வெயில் சாயும் நேரத்தில் கூட்டம் தொடங்கும். தன் தொழிலில் புதிதாகக் கண்டுபிடித்ததை ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். தூக்கணாங்குருவி கூடு பின்னும் விதத்தைச் சொல்லும். கறையான் புற்றுக்குள் காற்று வரும் வழியைச் சொல்லும். கூட்டத்தை நடத்துவது ஆமை. ஒவ்வொரு முறையும் அது முதலில் ஒரே அறிவிப்பைத்தான் செய்யும்.

"கூட்டம் முடியிற வரைக்கும் யாரும் யாரையும் தின்னக் கூடாது!"

பேச்சு முடிந்ததும் இலந்தைப் பழம் கொடுப்பார்கள். பழம் தின்றபடியே அறிமுகம் நடக்கும். மனசுக்குப் பிடித்தவரிடம் தன் வீட்டு வாசலில் நிற்கும் செடியின் இலையைக் கொடுப்பது அங்கே வழக்கம். இலையைப் பார்த்தால் வீடு தெரிந்துவிடும். பாதிப்பேர் வருவது பழத்துக்கும் இலைக்கும்தான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

அந்த மாதம் வெள்ளெலி பேச வந்தது. வளையில் அதற்குக் கண் திறக்காத ஐந்து குட்டிகள் இருந்தன. வெள்ளெலிக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தன் வளையின் அமைப்பை யாராவது திருடிவிடுவார்கள் என்று சதா பயம். பிறகு எதற்குப் பேச வந்தது என்று கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் பேச ஆசை, அவ்வளவுதான்.

"என் வளைக்கு வாசல் ஒண்ணுதான்னு நினைப்பாங்க. உண்மையில ரெண்டு," என்று தொடங்கியது வெள்ளெலி. "ரெண்டாவது கள்ள வாசல். அதை முழுசா வெட்டாம, மேல விரல் கனத்துக்கு மண்ணை விட்டு வச்சிருக்கேன். வெளியே இருந்து பார்த்தா தெரியாது. ஆபத்துன்னா உள்ளேருந்து மூக்கால ஒரு இடி. மண்ணு உடையும், நான் ஓடிடுவேன்."

எல்லோரும் தலையாட்டி ரசித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து முள்ளம்பன்றி எழுந்தது. அதுவும் வளை தோண்டுகிற ஜாதிதான். யார் பேசினாலும் அது சும்மா விடாது. போன மாதம் அது கேட்ட கேள்வியில் தூக்கணாங்குருவி அழுதேவிட்டது.

"ரெண்டு வாசலுக்கும் நடுவுல எத்தனை முழம்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

வெள்ளெலிக்குத் திக்கென்றது. இந்த அளவெல்லாம் இதற்கு எதற்கு? தெரிந்தால் நாளைக்கே இதே மாதிரி ஒன்று வெட்டி, தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும்.

"நாற்பது," என்று கூசாமல் பொய் சொன்னது.

"நாற்பதா? அப்ப சரி. எந்தப் பக்கம் பார்த்து வெட்டியிருக்கே?"

"மறந்துபோச்சு."

முள்ளம்பன்றி ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தது. அந்தப் பார்வையும் வெள்ளெலிக்குப் பிடிக்கவில்லை.

பழம் கொடுக்கும் நேரத்தில் கீரி பக்கத்தில் வந்தது. கூட்டத்துக்கு அது புதுசு. பேச்சு நடந்தபோது அது பேசுகிறவரைப் பார்க்கவே இல்லை. வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தது. முயலும் காடையும் கொடுத்த இலைகள் அதன் கையில் இருந்தன.

"அக்கா, இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை," என்றது கீரி. "ஆனா அந்த முள்ளம்பன்றி பார்வையே சரியில்லை. கவனிச்சீங்களா?"

வெள்ளெலிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தன்னைப் போலவே சந்தேகப்படும் ஒருவர் கிடைத்தாயிற்று.

"கவனிக்காம என்ன? அதான் பொய் சொன்னேன். நாலே முழம்தான்," என்று சிரித்தது.

"கெட்டிக்காரி! பிள்ளைங்க எத்தனை?"

"அஞ்சு. இன்னும் கண்ணு திறக்கலை."

"அடடா. ஒருநாள் வந்து பார்க்கணும்."

வெள்ளெலி தன் வாசல் நொச்சியின் இலையைக் கொடுத்தது. அந்தக் காட்டில் நொச்சி நிற்பது ஒரே இடத்தில்தான். பதிலுக்குக் கீரி ஓர் ஆம்பல் இலையை நீட்டியது. குளத்தின் நடுவில் மிதக்கும் இலை எந்தக் கீரியின் வாசலில் முளைக்கும்? எல்லாவற்றையும் சந்தேகிக்கிற வெள்ளெலிக்கு இது மட்டும் தோன்றவில்லை. பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வளையின் முன்வாசலில் கீரியின் வாடை அடித்தது. வெள்ளெலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கள்ள வாசலுக்கு ஓடி, மண்ணை இடித்துத் தலையை நீட்டியது. இரண்டு முழம் தள்ளிக் கீரி உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு வாசலும் தெரியும்.

"வாங்கக்கா," என்றது கீரி. "பிள்ளைங்களைப் பார்க்க வந்தேன்."

வெள்ளெலி உள்ளே பாய்ந்தது. முள்ளம்பன்றி ஏன் அளவு கேட்டது என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது. வளைக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை; அதன் மறுபக்கம் கீரியின் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பார்த்துப் பின்சுவரை வெறிபிடித்தது போலத் தோண்டியது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. உச்சிவெயில் ஏறியதும் கீரிக்குப் பொறுமை போய்விட்டது. அது முன்வாசலைத் தோண்டத் தொடங்கியது. அதற்குள் வெள்ளெலி பாறைக்கு அந்தப் பக்கம் வழி உடைத்துவிட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் முட்புதருக்குள் வைத்தது. நான்கு குட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஐந்தாவதை எடுக்கத் திரும்பியபோது, அது கிடந்த இடத்தில் கீரியின் மூக்கு இருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் வெள்ளெலி நேராக முள்ளம்பன்றியிடம் போனது. நடந்ததை எல்லாம் சொன்னது.

"நாற்பது இல்லண்ணே. நாலு முழம்தான்."

முள்ளம்பன்றி வெள்ளெலியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. "நாலுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நான் வந்து பாறைக்கு அந்தப் பக்கம் வெட்டிக் கொடுத்திருப்பேனே. ஒரு பொழுது வேலை. அந்தக் கீரிகிட்ட சொன்னதை எங்கிட்ட ஏம்மா மறைச்சே?"

வெள்ளெலி தலை குனிந்தது.

"நீங்க கேள்வி கேட்டீங்கண்ணே. அது பாராட்டிச்சு."

நம் வேலையில் ஓட்டை தேடுகிறவரைச் சந்தேகிக்கும் முன், வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் நம் வீட்டை மட்டும் விசாரிக்கிறவரைச் சந்தேகிக்க வேண்டும்.