வேட்பாளர் வீட்டுக்கு ஊர்வலம்

நம்பினால் நம்புங்கள். சென்னையில் குடியிருக்கும் ராஜசிம்மன் எங்கள் முள்ளிக்குடியில் வேட்பாளராக நின்றார். பேருக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

பிரசாரக் கூட்டத்தன்று, மேடையோரம் வடை சுட்ட செங்கமலத்தை அதட்டினார். "மேல வந்து, நான் உங்க ஊர்க்காரன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு உன் கடை இருக்காது."

செங்கமலம் மைக்கைப் பிடித்தாள். "ஐயா நம்மாளுதான்! ஊர் வழக்கப்படி, மாலை போட்டவரு மேளத்துக்கு முன்னால நடந்து, தன் வீட்டு வாசல்ல ஆரத்தி வாங்கணும். நடங்கய்யா, பின்னாலயே வர்றோம்!"

நடந்தார். கூட வந்த ஆட்களும் வெளியூர். இடமா வலமா என்று கேட்டால், "உங்க வீட்டுக்கு நாங்களா வழி சொல்றது?" என்றது கூட்டம். சுற்றிச் சுற்றி, ஊர்வலத்தின் தலை போய் வாலை முட்டியது. கடைசியில் வியர்த்து வழிந்து அவர் நின்ற இடம், சுடுகாட்டு வாசல்.

"இங்கதான் குடியிருக்கப் போறீங்கன்னா, ஊரே ஒருமனசா ஆதரிக்கும்யா!" என்றாள் செங்கமலம். மேளக்காரனுக்கே சிரிப்பில் அடி தவறிவிட்டது.

மறுநாளே கடையைத் தூக்க ஆள் அனுப்பினாராம். இன்னும் வந்து சேரவில்லை. வழி தெரியவில்லை போலிருக்கிறது.