மூன்றாவது பிரதி

காலையிலிருந்தே ஞானப்பிரகாசம் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தன் மகள் வயதுள்ள தபசுமிடம் பாடம் கேட்க வந்த மனுஷன். பழைய கணினி மென்பொருட்களை அழியாமல் காப்பாற்றும் காப்பகம் அவளுடையது.

"கௌசலா பதினோரு மணிக்கு வர்றாங்களாம், மேடம். போன்ல குரலே சரியில்ல. போலீஸோட வந்துட்டா?"

"வரட்டும் சார். வாசிப்பறைக் கணினிக்கு முன்னால ஒரு நாற்காலி துடைச்சுப் போடுங்க."

விஷயம் இதுதான். கௌசலாவின் அப்பா சபாரத்தினம் ஒரு காலத்தில் தமிழ்த் தட்டச்சுக்கு மென்பொருள் எழுதி விற்றவர். அவரும் போய்ச் சேர்ந்தார், மென்பொருளும் கடைகளில் இல்லை. மிஞ்சிய ஒரே பிளாப்பியில் பூஞ்சை ஏறிவிட்டது. ஆனால் ஊர்ப்பட்ட பேர் எழுதிவைத்த கோப்புகள் இன்றைக்கும் அந்த மென்பொருளில்தான் திறக்கும். யாரும் பிரதி எடுக்கக் கூடாதென்று அவர் மென்பொருளுக்குள் போட்ட பூட்டை, தபசும் சொல்லி, ஞானப்பிரகாசம்தான் உடைத்துப் பிரதி எடுத்தார்.

"பதிப்புரிமை இப்ப கௌசலாவோடது. நாம பண்ணினது திருட்டா மேடம்? கேஸ் போட்டா காப்பகத்தையே இழுத்து மூடணும்."

தபசும் வாசிப்பறைக் கணினியைப் போட்டாள். அதற்கு இணையம் கிடையாது. பென் டிரைவ் செருகும் இடங்களை அரக்கு உருக்கி அடைத்திருந்தாள். யாரும் வந்து உட்கார்ந்து பயன்படுத்தலாம், எடுத்துப்போக முடியாது. அங்கே அதுதான் வழக்கம்.

கௌசலா தனியாகத்தான் வந்தாள். உட்காரவில்லை.

"யாரைக் கேட்டு எங்கப்பா போட்ட பூட்டை உடைச்சீங்க?"

தபசும் பிளாப்பியின் மூடியை விலக்கி, உள்ளே படர்ந்திருந்த பூஞ்சையைக் காட்டினாள். பிறகு கணினியைக் காட்டினாள். திரையில் முதலில் சபாரத்தினத்தின் பெயர்தான் வந்தது. கௌசலா நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற எங்கெல்லாம் இருக்கு?"

"பெட்டகத்துல ஒண்ணு. இதுல ஒண்ணு. அவ்வளவுதான்."

ஞானப்பிரகாசத்தின் கை சட்டைப்பைக்குப் போனது. வங்கிப் பழக்கம், எதற்கும் ஒரு மாற்றுச்சாவி வேண்டும் அவருக்கு. பூட்டை உடைத்த அன்றே, வேலையறையில் தனக்கென்று பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்திருந்தார். அன்றிலிருந்து அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. தபசுமுக்கே தெரியாது. இப்போது அவள் வாயிலிருந்து வந்தது இவரால் பொய்யாகிவிட்டது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இன்னொண்ணு இருக்கும்மா. மேடத்துக்குத் தெரியாது. இங்க ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயந்து, என் வீட்டுக்குன்னு எடுத்தேன்."

கௌசலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்குன்னு எடுத்ததுதானே? எங்க வீட்டுல இருக்கட்டும். இங்க இருக்கிற ரெண்டும் இங்கேயே இருக்கட்டும்."

அவள் போனதும் ஞானப்பிரகாசம் கேட்டார்.

"மூணும் ஒரே பூட்டை உடைச்சு எடுத்ததுதானே மேடம்? அதுல எது திருட்டு, எது இல்லைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

தபசும் கணினியை அணைத்தாள்.

"அவங்க வந்து பார்க்கட்டும்னு எந்தப் பிரதிக்கு முன்னால நாற்காலி போட்டீங்க, சார்? எதைச் சட்டைப்பைக்குள்ள வச்சிருந்தீங்க?"