காது குத்திய கார்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, மூடிப்போன ஒரு பஞ்சாலைக் கட்டடத்தில், புதுக் கார்களை வடிவமைக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு சமயம் ஓர் எஞ்சினுக்கும் ஒரு களிமண்ணுக்கும் ஆகாமல் போயிற்று.

எஞ்சின் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதுவரை பெரிய கார் ஒன்றின் முன்பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் எதிர்க்காற்று அடிக்க ஓடியே பழகியது. “முன்னேர் போன வழியேதான் பின்னேர் போகும். நான் முன்னேர்” என்று சக்கரங்களிடம் பெருமை அடித்துக்கொள்ளும். சக்கரங்களும் வேறு வழியில்லாமல் ஆமாம் போடும்.

அப்படிப்பட்டதைக் கழற்றிக்கொண்டு வந்து ஒரு புதுக் காரின் நடுவில் வைத்தாள் வஞ்சிக்கொடி. அந்தக் காரை வரைந்தவள் அவள்தான். கடைக்கு விற்பனைக்குப் போகிற கார் இல்லை அது. ‘இப்படியும் ஒரு வண்டி செய்யலாம்’ என்று கண்காட்சியில் காட்டுவதற்காக ஒன்றே ஒன்றாகச் செய்கிற மாதிரி வண்டி. தரையோடு தரையாக, இரண்டே சீட்டு. சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் எஞ்சின். சிலம்பக் கம்பின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், அப்புறம் நடுவில் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், எது சட்டென்று திரும்பும் என்று உங்கள் கையே சொல்லிவிடும் என்பாள்.

நடு என்ற சொல்லைக் கேட்டதும் எஞ்சினுக்குத் தலைகால் புரியவில்லை. தானே நடுநாயகம், எல்லார் கண்ணும் இனித் தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டது. ஓட்டிப் பார்ப்பதற்காகச் சட்டத்தின் மேல் ஒரு தற்காலிக உடம்பை மாட்டி, மூடியைப் போட்ட பிறகுதான் சங்கதி தெரிந்தது. எதிரே இரண்டு சீட்டின் முதுகு. சாலை தெரியவில்லை. காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இருந்தாலும் சோதனைப் பாதையில் முதல் வளைவு வந்தபோது நடந்தது வேறு. முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒவ்வொரு வளைவிலும் கனத்த மூக்கை இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. இப்போது வண்டி நினைத்த மாத்திரத்தில் திரும்பிற்று. இதற்காகத்தான் நான் பிறந்தேன் போலிருக்கிறது என்று எஞ்சின் நினைத்தது. நாலாவது சுற்றில் தண்ணீர் கொதித்து, ஆவி பீறிட்டு, வண்டி நின்றுவிட்டது. பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

பட்டறைத் தலைவர் குழந்தைவேலு வந்து மூடியைத் திறந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கண்காட்சித் தேதி அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

“இங்க பாரு அம்மணி, அங்க யாரும் ஓட்டிப் பார்க்கப் போறதில்ல. வெறுங்கூட்டைத் தள்ளிக்கிட்டுப் போய் நிறுத்துனாப் போதும். பத்தாவது நாள் அச்சு எடுத்தாகணும். அதுக்குள்ள சரியாகலைன்னா எஞ்சினைக் கழட்டிரு.”

“ஓடுற வண்டியாத்தானுங்க போகும்” என்றாள் வஞ்சிக்கொடி.

அந்தப் பேச்சு எஞ்சின் காதில் விழுந்தது. கழற்றிவிட்டால் மறுபடி ஏதாவது ஒரு காரின் முன்பக்கத்துக்குப் போய்விடலாம். காற்றும் கிடைக்கும், கௌரவமும் கிடைக்கும். ஆனால் அந்த முதல் வளைவைக் கண்டபிறகு அதற்கு முன்பக்கம் பிடிக்கவில்லை. என்ன ஆனாலும் நடுவை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டது.

பட்டறையின் மறுபக்கத்தில் களிமண் நின்றிருந்தது. மெழுகு கலந்த களிமண். சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும். முழுக்கார் அளவுக்கு அதைப் பிடித்து, செதுக்கி, மேலே வெள்ளித்தாள் ஒட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்துதான் அச்சு எடுத்து நிஜ உடம்பை வார்க்க வேண்டும். கதவிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் அதன் விலா வழுவழுவென்று ஒரே ஓட்டமாக ஓடும். அந்த அழகு அதற்கும் தெரியும்.

“ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று களிமண் வம்புக்கு இழுத்தது. “உன்னால் முடியவில்லை, இடத்தைக் குறை சொல்கிறாய்.”

“இடம் நல்ல இடம். மூச்சுதான் இல்லை” என்றது எஞ்சின். “உன் விலாவில், கதவுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒரு திறப்பு வேண்டும். அந்த வழியாகக் காற்று வந்தால் நான் ஓடிவிடுவேன்.”

“யாருக்குக் காது குத்துகிறாய்? இந்த விலாவைக் கிழித்து உனக்கு ஜன்னல் வைப்பதா? கொலுப் பொம்மையை யாராவது ஓடிக் காட்டச் சொல்கிறார்களா?”

“கொலு ஒன்பது நாள்தான். அப்புறம் பொம்மை பெட்டிக்குள் போய்விடும்.”

களிமண் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குத் திருப்பிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

வஞ்சிக்கொடிக்கும் அந்த விலாவில் கை வைக்க மனம் இல்லை. அதனால் சுற்றி வளைத்து என்னென்னவோ செய்து பார்த்தாள். விசிறியைப் பெரிதாக்கினாள். வண்டியின் அடிவயிற்றில் குழாய் வைத்தாள். மூடியில் துளை போட்டாள். தினமும் காலையில் எஞ்சின் பாதைக்குப் போகும். ஐந்தாவது சுற்றில் கொதித்து வரும்; ஏழாவதில் கொதித்து வரும்; ஒருநாள் எட்டு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தது. வரும்போது தீய்ந்த வாடை பட்டறையை நிறைக்கும். போதும் என்று ஒரு நாளும் அது சொல்லவில்லை. மறுநாள் காலையில் முதல் சாவிக்கே கிளம்பும்.

களிமண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றது. சூடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். சூட்டில் இளகித்தானே அது காராக ஆனது. முதல் மூன்று நாள் சிரித்தது, நாலாம் நாள் சும்மா இருந்தது. ஏழாம் நாள், எத்தனை சுற்று என்று தானே கேட்டது.

எட்டாம் நாள் வஞ்சிக்கொடி கறுப்பு நாடாவை எடுத்துவந்து களிமண்ணின் விலாவில், கதவுக்குப் பின்னால், இலை வடிவில் ஒட்டினாள். வெட்ட வேண்டிய இடம். களிமண்ணைச் செதுக்கிய திருமூர்த்தியைக் கூப்பிட்டாள். அவர் கத்தியை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

“நாலு மாசம் தடவித் தடவி எடுத்த விலாங்க இது. கத்தி வைக்கக் கை வர மாட்டேங்குது.”

வஞ்சிக்கொடி நாடாவின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள். பிறகு, “அண்ணா, உங்க பாப்பாவுக்குக் காது குத்துனப்ப நீங்க என்ன பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“நானெங்க பார்த்தேன்? திரும்பி நின்னுக்கிட்டேன். எங்க மச்சான் மடியில உட்கார வெச்சுக் குத்துனாங்க.”

“அழுவாளேன்னு குத்தாம விட்டீங்களா?”

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண் வண்டிச் சட்டத்தில் உட்கார்ந்திருந்த எஞ்சின் மேல் போயிற்று. “மாமன் மடி இல்லாமக் காது குத்தக் கூடாதுங்க. அதையும் பக்கத்துல தள்ளிக்கிட்டு வாங்க” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இருவரும் சேர்ந்து சட்டத்தைத் தள்ளிவந்து களிமண்ணின் விலாவோடு ஒட்டி நிறுத்தினார்கள். திருமூர்த்தி நாடாவுக்குள் இருந்த வெள்ளித்தாளை உரித்து, சூட்டு விளக்கைக் காட்டி விலாவைச் சூடாக்கினார்.

“வலிக்குமா?” என்று களிமண் மெதுவாகக் கேட்டது.

“வலிக்கும். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்” என்றது எஞ்சின். “நான் பிடித்துக்கொள்கிறேன்.”

கத்தி இறங்கியது. களிமண் விரிசல் விடவில்லை, உதிரவும் இல்லை. நன்றாக இளகிக் கொடுத்தது. வெட்டிய துண்டுகள் எஞ்சினின் மேல் விழுந்தன. வெட்டுவாயைத் திருமூர்த்தி விரலால் உள்ளே வளைத்து வளைத்து இழைத்தார். மாலைக்குள் இரண்டு விலாவிலும் இரண்டு காதுகள் வந்துவிட்டன.

மறுநாளே அதே அளவில் தற்காலிக உடம்பிலும் திறப்பு வைத்து ஓட்டினார்கள். பத்துச் சுற்று, இருபது சுற்று. சூடு காட்டும் முள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. குழந்தைவேலு முப்பதாவது சுற்று வரைக்கும் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, எஞ்சினைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அச்சு எடுத்து முடிந்ததும் களிமண்ணின் வேலை முடிந்தது. திருமூர்த்தி அதைச் சுரண்டிச் சுரண்டிப் பெட்டியில் போட்டார். இனி உருக்கி வேறொரு வண்டிக்குப் பிடிப்பார்கள். எஞ்சின் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முடிவு களிமண்ணுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதும், தெரிந்தேதான் அந்த அழகைக் காத்து நின்றது என்பதும் அதற்கு அப்போதுதான் உறைத்தது.

“காது குத்தினால் மாமன் சீர் செய்ய வேண்டும். உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றது.

“நீ ஓடு. அதுதான் சீர்” என்றது களிமண்.

கண்காட்சியில் கூட்டம் நெரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காதுகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். விலாவுக்கே அதுதான் அழகு, வரைந்தவள் கைக்கு மோதிரம் போடலாம் என்றார்கள். எஞ்சினைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூடிக்கு அடியில், சீட்டுகளின் முதுகைப் பார்த்தபடி, அது தன் முறைக்குக் காத்திருந்தது. முன்பானால் பொருமியிருக்கும். இப்போது அந்தப் புகழ் சேர வேண்டிய களிமண்ணுக்கே சேர்வதாக நினைத்துச் சந்தோஷப்பட்டது.

அப்போது பல கண்காட்சிகளைப் பார்த்துச் சலித்த பெரியவர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். குனிந்து, அந்தத் திறப்புக்கு நேராகத் தலையை வைத்து, விரலால் தட்டிப் பார்த்தார்.

“எல்லாரும் இப்படித்தான் வெறுங்கூட்டைக் கொண்டாந்து நிறுத்துறாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது. எனக்கே காது குத்துறியாம்மா?”

“உங்களுக்கு இல்லீங்க” என்றாள் வஞ்சிக்கொடி. “வண்டிக்குத்தான்.”

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு காதுகளின் வழியாகவும் மூச்சை இழுத்து, தான் தர வேண்டிய சீரை மண்டபம் அதிரத் தந்தது.

பெரியவர் தம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.